எழுத்துவழிப் பாத்திர விளையாட்டில் சண்டை நகர்வுகளை வடிவமைத்தல்

எழுத்துவழிப் பாத்திர விளையாட்டு என்பது பலர் ஆளுக்கொரு கதைப்பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, அப்பாத்திரம் பேசுவதையும் செய்வதையும் முறைவைத்து எழுதி, எல்லோருமாக ஒரு கதையை நடத்திச் செல்லும் விளையாட்டாகும். விளையாடுவோர் இதை 'ரோல்பிளே' என்றும், சுருக்கமாக 'ஆர்பி' என்றும் அழைக்கின்றனர். இக்கதைகளில் பாத்திரங்கள் மோதும்போது ஒரு பாத்திரம் கையாளும் தாக்குதல், தற்காப்பு, தந்திரம் ஆகிய ஒவ்வொன்றும் 'நகர்வு' அல்லது 'மூவ்' எனப்படும். சதுரங்கத்தில் காய் நகர்த்துவதைப் போன்றதே இதுவும். ஆனால் சதுரங்கத்தில் குதிரை எப்படிப் பாயும் என்பது முன்பே முடிவான ஒன்று. எழுத்து விளையாட்டில் குதிரையைச் செதுக்குபவரும், அது இப்படித்தான் பாயும் என்று விதி எழுதுபவரும், அதை ஓட்டுபவரும் ஒருவரே. சச்சரவுகள் பலவும் பிறப்பது இந்த இடத்தில்தான்.

சச்சரவு சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் ஒருவர் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் எழுதி வளர்த்த பாத்திரத்தை இன்னொருவரின் நான்கு வரி சாய்த்துவிட முடியும். அப்படிச் சாய்க்கப்பட்டவர் திரும்பி வருவதில்லை. புதிதாக எழுத வந்த மாணவராக இருந்தால் எழுதுவதையே விட்டுவிடுவதும் உண்டு. ஆகவே நகர்வை வடிவமைப்பது என்பது வலிமையான அடி ஒன்றைக் கற்பனை செய்வது அன்று. எதிரில் இருப்பவர் பதில் எழுதுவதற்கு இடம் விட்டு ஓர் அடியைக் கற்பனை செய்வது.

பகடையிலிருந்து கணினிக்கு

இவ்விளையாட்டின் வேர் மேசைமேல் பொம்மைப் படைகளை நிறுத்தி ஆடிய போர் விளையாட்டுகளில் இருக்கிறது. 1971இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், ஜெஃப் பெரன் ஆகிய இருவரும் 'செயின்மெயில்' என்னும் இடைக்காலப் போர் விளையாட்டு விதிநூலை வெளியிட்டனர். அதில் சாதாரண வீரன் ஒரே அடியில் செத்துவிடுவான். நூறு பொம்மைகளை ஒருவரே நடத்தும் ஆட்டத்தில் அது பொருத்தம். ஒருவருக்கு ஒரே பாத்திரம் என்று ஆனபோது அது பொருந்தவில்லை. மினசோட்டாவில் டேவ் ஆர்னசன் நடத்திவந்த 'பிளாக்மூர்' ஆட்டத்தில், பெயர் வைத்து வளர்த்த பாத்திரம் ஒரே வீச்சில் போவதை யாரும் விரும்பவில்லை. கடற்போர் விளையாட்டு ஒன்றில், கப்பல் மூழ்குவதற்கு முன் எத்தனை அடி தாங்கும் என்று கணக்கு வைத்திருந்த முறையைத் தாம் மனிதப் பாத்திரத்துக்கு மாற்றியதாக ஆர்னசன் பின்னாளில் கூறியுள்ளார். இன்று 'ஹிட் பாயிண்ட்' என்று எல்லா விளையாட்டுகளிலும் காணப்படும் உயிர்ப்புள்ளி அதுவே. தோற்பவருக்கும் இன்னும் சில முறை வாய்ப்பு இருக்கட்டும் என்பதே அதன் உட்கருத்து.

கைகாக்ஸும் ஆர்னசனும் சேர்ந்து உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974இல் மூன்று சிறு நூல்களாக வெளிவந்தது. அதன் முதல் வடிவில் எந்த ஆயுதத்தால் அடித்தாலும் ஓர் ஆறுமுகப் பகடையின் அளவுக்கே சேதம் கணக்கிடப்பட்டது. கத்திக்கும் பெருவாளுக்கும் வேறுபாடு இல்லை. 1975இல் வந்த 'கிரேஹாக்' என்னும் துணைநூல்தான் ஆயுதத்துக்கு ஆயுதம் சேதத்தை மாற்றியமைத்தது. நகர்வுக்கு நகர்வு வேறுபாடு வேண்டும் என்னும் ஆசைக்கு அத்தனை வயதாகிறது.

1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்னும் மாணவர் 'மட்' என்ற நிரலை எழுதத் தொடங்கினார். 1980இல் ரிச்சர்ட் பார்ட்டில் அதைப் பொறுப்பேற்று வளர்த்தார். ஒரே கணினியில் இணைந்த பலர், ஒரே கற்பனை உலகத்தில், முழுக்க எழுத்தாலேயே நடமாடியது அதில்தான். 1990இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர் ஐவர் எழுதத் தொடங்கிய 'டிக்குமட்', சண்டைக் கட்டளைகளைச் சிறு சிறு நகர்வுகளாகப் பிரித்தது. வடிவமைப்பைக் கற்க விரும்புவோர் அந்நிரலில் உள்ள இரண்டு நகர்வுகளைக் கவனிக்கலாம். ஒன்று, முதுகில் குத்துதல். சேதம் மிகுதி, ஆனால் குத்தும் வகை ஆயுதம் கையில் இருக்க வேண்டும், இலக்கு ஏற்கெனவே சண்டையில் இருக்கக் கூடாது. சண்டையிலிருப்பவன் விழிப்பாக இருப்பான் என்பது காரணம். மற்றொன்று, மோதித் தள்ளுதல். வெற்றி பெற்றால் எதிரி கீழே விழுவான். தவறினால் மோதியவனே தடுமாறி விழுவான்; எழுந்து நிற்கச் சற்று நேரம் ஆகும். இந்த இரண்டாவது நகர்வில் வெற்றியும் தோல்வியும் ஒரே உடலசைவிலிருந்து பிறக்கின்றன. அதை விளக்க வேண்டிய தேவையே இல்லை. படிப்பவருக்குத் தானே புரிகிறது.

மற்றொரு கிளை பகடையையும் கணக்கையும் விட்டுவிட்டுப் பேச்சையும் எழுத்தையும் பிடித்துக்கொண்டது. 1989இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஆஸ்ப்னஸ் எழுதிய 'டைனிமட்', அதைத் தொடர்ந்து வந்த 'மஷ்' வகை நிரல்கள் ஆகியவற்றில், பாத்திரம் செய்வதை வாக்கியமாக எழுதுவதே ஆட்டமாயிற்று. இன்றைய குழுக்களில் பலவும் இவ்வழி வந்தவை. இங்கே அடி பட்டதா இல்லையா என்று சொல்லக் கணினி இல்லை. மனிதர்தான் சொல்ல வேண்டும்.

முயற்சி ஒருவருடையது, விளைவு மற்றவருடையது

கணினி இல்லாத இடத்தில் எழுந்த முதல் விதி மிக எளியது. தாக்குபவர் தம் பாத்திரத்தின் முயற்சியை மட்டும் எழுத வேண்டும். அது பட்டதா, எவ்வளவு பட்டது என்பதைத் தாக்கப்பட்டவர் எழுதுவார். இவ்விதியை மீறி அடுத்தவர் பாத்திரத்துக்கும் சேர்த்துத் தானே எழுதிவிடுவதைக் குழுக்களில் 'காட்மாடிங்' என்பர். தெய்வம்போல் எல்லாவற்றையும் தானே நடத்துவது என்று பொருள்.

கயல் என்னும் மீனவப் பெண் ஒரு பாத்திரம், வேலன் என்னும் ஈட்டி வீரன் மற்றொரு பாத்திரம் என்று கொள்வோம். கயலை எழுதுபவர் இப்படி எழுதுகிறார்:

"கயல் வலையை வீசினாள். வேலன் அதில் சிக்கித் தரையில் உருண்டான். ஈட்டி கைநழுவிப் போயிற்று. அவன் கண்களில் பயம் தெரிந்தது."

நான்கு வாக்கியங்களில் முதல் வாக்கியம் மட்டுமே அவருக்கு உரியது. மற்ற மூன்றும் வேலனை எழுதுபவருக்குச் சொந்தமானவை. அதிலும் கடைசி வாக்கியம் மிக மோசமானது. உடலில் பட்ட அடியைக்கூட ஒருவர் பொறுத்துக்கொள்வார். தம் பாத்திரம் பயந்தது என்று பிறர் எழுதினால் பொறுப்பது கடினம். அதே நகர்வை இப்படியும் எழுதலாம்:

"கயல் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, இடுப்பைத் திருப்பி, வேலனின் தலைக்குமேல் விரியும்படி வலையை வீசினாள். ஓரத்து ஈயக் குண்டுகள் காற்றில் சலசலத்தன."

வலை காற்றில் இருக்கிறது. பேனா இப்போது வேலன் பக்கம் போகிறது. அவன் விலகலாம், ஈட்டியை நிமிர்த்தி வலையைத் தாங்கலாம், சிக்கலாம், பாதி சிக்கலாம்.

தமிழில் எழுதுவோருக்கு இதைக் கண்டுபிடிக்கப் பள்ளி இலக்கணமே போதும். தமிழில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியில் வருகிறது; முயற்சியா விளைவா என்பதும் அங்கேயே தெரிந்துவிடுகிறது. 'வெட்டினான்' என்றால் வெட்டு விழுந்துவிட்டது. 'வெட்ட வாளை ஓங்கினான்' என்றால் இன்னும் விழவில்லை. 'வெட்டப் பார்த்தான்' என்பதிலும் இடம் இருக்கிறது. 'வெட்டிவிட்டான்' என்றால் கதவு சாத்தித் தாழும் போட்டாயிற்று. இதைப் போலவே எதிரியை 'வீழ்த்தினான்' என்னும் பிறவினையும், எதிரி 'வீழ்ந்தான்' என்னும் தன்வினையும் தாக்குபவர் எழுதக் கூடாத சொற்கள். ஒரு பதிவை அனுப்பும் முன் வாக்கிய இறுதிகளை மட்டும் விரல் வைத்துப் படித்துப் பார்த்தால், எல்லை மீறிய இடம் உடனே தெரியும்.

இவ்விதிக்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. விளைவைத் தீர்மானிக்கும் உரிமை தமக்கே என்பதால் எந்த அடியையும் வாங்காமல் ஒவ்வொரு முறையும் விலகிக்கொண்டே இருப்பவரும் உண்டு. அதுவும் காட்மாடிங்தான், தாக்குதலுக்குப் பதில் தற்காப்பில் செய்கிறார், அவ்வளவே. பத்து முறை வீசப்பட்ட வலை பத்து முறையும் தவறினால் அங்கே நடப்பது சண்டை அன்று. விலகுவதற்கும் ஒரு விலை வைத்துவிட்டால் இதைத் தடுக்கலாம். விலகியவன் நிலை குலைகிறான், பின்வாங்குகிறான், அடுத்த விலகல் இதைவிடக் கடினமாகிறது என்றபடி அது அமையும்.

விலை இல்லாத வலிமை

நகர்வுக்கு வலிமை தருவது எது என்று கேட்டால் புதியவர் சேதத்தைச் சொல்வார். அனுபவப்பட்டவர் அதன் விலையைச் சொல்வார். மகாபாரதம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. இந்திரன் கர்ணனுக்குக் கொடுத்த சக்தி ஆயுதம் தப்பாமல் கொல்லும், ஆனால் ஒருமுறைதான். அர்ச்சுனனுக்காக அவன் பொத்திப் பாதுகாத்த அதை, பதினான்காம் நாள் இரவில் கடோற்கசன் மீது விட வேண்டிய நெருக்கடி வருகிறது. அந்த ஆயுதத்துக்கு 'ஒருமுறை' என்ற கட்டு இல்லாவிட்டால் அந்த இரவில் எந்தத் துயரமும் இல்லை. இன்னொரு அம்பு, அவ்வளவுதான். தமிழ் மரபில் கர்ணன் நாகாத்திரத்தை மறுமுறை தொடுப்பதில்லை என்று குந்திக்குக் கொடுத்த வாக்கும் இதே வகை.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் மந்திரவாதி ஒரு மந்திரத்தை மனப்பாடம் செய்வார். சொன்னதும் அது நினைவிலிருந்து அழிந்துவிடும். எழுத்தாளர் ஜாக் வான்ஸ் 1950இல் வெளியிட்ட 'தி டையிங் எர்த்' நூலிலிருந்து கைகாக்ஸ் எடுத்துக்கொண்ட யோசனை இது. இக்கால இளைஞர்களுக்குப் பழக்கமான ஜப்பானியக் கதைகளில், 1998இல் தொடங்கிய யோஷிஹிரோ டொகாஷியின் 'ஹண்டர் எக்ஸ் ஹண்டர்' இக்கருத்தை ஒரு கோட்பாடாகவே ஆக்கியிருக்கிறது. அதில் குராபிக்கா என்னும் பாத்திரம் வைத்திருக்கும் சங்கிலி ஒன்று, தன் இனத்தை அழித்த குறிப்பிட்ட கூட்டத்தார் மீது மட்டுமே பாயும். வேறு யார்மீதாவது அதைப் பயன்படுத்தினால் அவனே இறப்பான். கட்டுப்பாடு இறுகும் அளவுக்குச் சக்தி பெருகும் என்பது அக்கதையின் விதி. விளையாட்டுக் குழுக்களில் இதைப் பின்பற்றும்போது ஓர் எச்சரிக்கை தேவை: விலை உண்மையிலேயே வலிக்க வேண்டும். 'இந்த நகர்வைப் பயன்படுத்தினால் என் பாத்திரம் பிறகு மிகவும் களைத்துப்போவான்' என்று எழுதிவிட்டு, நகர்வு முடிந்ததும் எதிரியும் முடிந்துவிட்டால், அந்தக் களைப்பை யார் கணக்குக் கேட்பது? விலை சண்டைக்குள்ளேயே செலுத்தப்பட வேண்டும், கூடுமானால் முன்கூட்டியே.

பண்டைய ரோமில் அரங்கச் சண்டை நடத்தியவர்கள் இக்கலையில் தேர்ந்தவர்கள். வலையும் மூன்றுமுனை ஈட்டியும் ஏந்திய ரெடியாரியுஸ் என்னும் வீரனுக்கு உடலில் ஏறக்குறையக் கவசமே கிடையாது. ஒரு தோளில் மட்டும் காப்பு உண்டு. அவனுக்கு எதிராக நிறுத்தப்பட்ட செகுட்டோருக்குப் பெரிய கேடயமும் கனத்த தலைக்கவசமும் இருக்கும். அந்தத் தலைக்கவசம் வலை மாட்டாதபடி வழவழப்பாக, முனைப்பே இல்லாமல் செய்யப்பட்டது. கண்ணுக்கு இரு சிறு துளைகள் மட்டும். ஒருவன் வேகமாக ஓடலாம், ஒரு வெட்டுக்குத் தாங்கமாட்டான். மற்றவன் வெட்டுத் தாங்குவான், நெடுநேரம் ஓட முடியாது, பக்கவாட்டில் பார்க்கவும் முடியாது. கொடிய காட்சிதான். ஆனால் பார்க்க வந்த கூட்டம் முடிவை முன்கூட்டி ஊகிக்கக் கூடாது என்பதற்காக எவ்வளவு கவனமாக ஒருவனுடைய பலத்தை மற்றவனுடைய பலவீனத்தோடு கோத்திருக்கிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

எதிராளியின் முறையைப் பறித்தல்

எல்லா நகர்வுகளிலும் மிகவும் ஆபத்தானது அதிகச் சேதம் தருவதன்று. எதிராளியை அசையவிடாமல் செய்வது. உறையவைத்தல், மயக்குதல், கட்டிப்போடுதல், மனத்தை வசப்படுத்துதல் எல்லாம் இதில் அடங்கும். திரையில் ஓடும் விளையாட்டில் இரண்டு நொடி உறைந்தால் இரண்டு நொடிதான் போகும். எழுத்து விளையாட்டில் ஒருவருக்கு முறை வருவது நாளுக்கு ஒருமுறையோ வாரத்துக்கு இருமுறையோ. பள்ளியும் தேர்வும் வேலையும் முடித்து அந்த ஒரு பதிவுக்காக உட்காருபவரிடம் 'நீங்கள் இம்முறை எதுவும் செய்ய முடியாது' என்று சொன்னால், அவருக்குப் போவது ஒரு முறை மட்டுமன்று, அந்த வாரத்து விளையாட்டே போகிறது. அடுத்த முறையும் அதே நகர்வை வீசினால் கதையில் அவர் இருப்பதற்கே காரணம் இல்லை.

ஆகவே கட்டிப்போடும் நகர்வுகளை முழுத் தடையாக வடிவமைக்காமல், தேர்வுகளைக் குறைக்கும் தடையாக வடிவமைப்பதே நல்லது. 'அசைய முடியாது' என்பதை 'கால்களை நகர்த்த முடியாது. கை, வாய் இரண்டும் வேலை செய்யும்' என்று மாற்றலாம். 'பேச முடியாது' என்பதை 'மந்திரம் சொல்லும் அளவுக்கு நீளமாகப் பேச முடியாது' என்று மாற்றலாம். கட்டுண்டவர் எழுதுவதற்கு ஏதாவது ஒன்று மிஞ்ச வேண்டும். உண்மையில் பல குழுக்களில் மிகச் சிறந்த பதிவுகள் கட்டுண்ட பாத்திரங்களிடமிருந்துதான் வருகின்றன. வழி குறைந்த இடத்தில் யோசனை கூடுகிறது.

எண்கள் வேண்டுமா?

பகடை இல்லாமலேயே ஆடுவது தவறன்று. எரிக் வூஜ்சிக் 1991இல் வெளியிட்ட 'ஆம்பர்' விளையாட்டு பகடையை முற்றிலும் ஒதுக்கியது. வலிமை, போர்த்திறன் போன்றவற்றை ஆட்டக்காரர்கள் தொடக்கத்திலேயே ஏலம் கேட்டு எடுப்பார்கள். ஆனால் அறிமுகமில்லாதவர்கள் கூடும் குழுவில் பகடை ஒரு பெரிய உதவி செய்கிறது. தோல்விக்கு எதிராளியைக் குறை சொல்லாமல் பகடையைக் குறை சொல்லலாம்.

எந்தப் பகடை என்பது சண்டையின் சுவையையே மாற்றும். இருபது முகப் பகடை ஒன்றில் ஒவ்வொரு எண்ணும் வருவதற்கு 5 விழுக்காடு வாய்ப்பு. ஒன்றும் வரலாம், இருபதும் வரலாம். ஆறுமுகப் பகடை இரண்டைச் சேர்த்து உருட்டினால் 36 வகைச் சேர்க்கைகளில் 7 என்னும் கூட்டுத்தொகை ஆறு வகையில் வரும்; 12 ஒரே வகையில்தான் வரும். நடுவே குவியும். வின்சென்ட் பேக்கரின் 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' (2010) இதை அழகாகப் பயன்படுத்தியது. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் நினைத்தது நடக்கும். 7 முதல் 9 வரை வந்தால் நடக்கும், ஆனால் ஒரு விலையோடு. 6 அல்லது அதற்குக் கீழ் என்றால் நிலைமை மோசமாகும். கூட்டல் எதுவும் இல்லாமல் உருட்டினால் 36இல் 6 முழு வெற்றி, 15 அரை வெற்றி, 15 தோல்வி. பாத்திரத்தின் திறமைக்காக ஒன்று கூட்டினால் இவை முறையே 10, 16, 10 என மாறுகின்றன. எழுத்து விளையாட்டுக்கு இந்த அரை வெற்றியைவிடப் பொருத்தமான ஒன்று இல்லை எனலாம். பட்டது, ஆனால் வாள் எதிரியின் கேடயத்தில் சிக்கிக்கொண்டது என்றால் அடுத்தவருக்கு எழுத விஷயம் கிடைத்துவிடுகிறது.

சேதத்தைச் சமன் செய்யச் சிறு கணக்கு போதும். சாதாரண அடி ஓர் ஆறுமுகப் பகடை என்றால் அதன் சராசரி 3.5, இரண்டு முறையில் 7. இப்போது ஒருவர், 'முதல் முறையில் சக்தியைத் திரட்டுவான், இரண்டாம் முறையில் அடிப்பான்' என்று ஒரு பெருந்தாக்குதலை எழுதிக்கொண்டு வருகிறார். அதற்கு இரண்டு பகடை கொடுத்தால் சராசரி 7தான். திரட்டும்போது எதிரி தடுத்துவிட்டால் எல்லாம் வீண் என்பதால் யாரும் அதைத் தொடமாட்டார்கள். மூன்று பகடை கொடுத்தால் சராசரி 10.5. மூன்றில் ஒருமுறை எதிரி தடுத்துவிடுவார் என்று கொண்டால் 10.5இல் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது மீண்டும் 7. இப்போது அது நியாயமான பந்தயம். நான்கு பகடை கேட்டால் நடுவர் புருவத்தை உயர்த்தலாம்.

வீச்சுவலை: ஒரு நகர்வு உருவாகும் விதம்

கயலின் வலைக்குத் திரும்பலாம். அதை எழுதிக்கொண்டு வந்தவரின் முதல் வரைவு இப்படி இருந்ததாகக் கொள்வோம்: 'கயலின் மாயவலையிலிருந்து யாரும் தப்ப முடியாது. எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் சிக்குவர். சிக்கியவர் அசைய முடியாது.' மூன்று வாக்கியங்களும் மூன்று கதவுகளை அடைக்கின்றன.

இதைச் சரிசெய்ய விதிநூலைப் புரட்டுவதைவிட உண்மையான வீச்சுவலையைப் பார்ப்பது நல்ல வழி. வீச்சுவலை விரிந்தால் வட்டமாக இருக்கும். ஓரம் முழுதும் கனத்துக்காக ஈயக் குண்டுகள் கோக்கப்பட்டிருக்கும். வீசுபவர் வலையின் ஒரு பகுதியைத் தோளிலோ முழங்கையிலோ போட்டு, மற்றொரு பகுதியைக் கையில் மடித்துப் பிடித்து, உடலைத் திருப்பி விசிறுவார். நடுவிலிருந்து வரும் கயிற்றின் நுனி வீசுபவரின் மணிக்கட்டில் கட்டப்பட்டிருக்கும். அதைப் பிடித்துத்தான் வலையைத் திரும்ப இழுக்க முடியும். நனைந்தால் கனம் கூடும்.

இந்தச் சில வரிகளுக்குள்ளேயே நகர்வுக்கு வேண்டிய எல்லாம் இருக்கின்றன. கயிற்றின் நீளம்தான் தூர எல்லை. பத்தடிக்கு மேல் வீச முடியாது என்று வைக்கலாம். மடித்துத் தயார் செய்ய வேண்டும் என்பதால் வீசுவதற்கு முந்தைய முறையில் கயல் வலையைத் தோளில் ஏற்றுவதை எழுதியாக வேண்டும். அது எதிராளிக்கு முன்னறிவிப்பாகவும் ஆகிறது. விசிற இடம் வேண்டும். ஆகவே குறுகிய சந்திலோ மரக்கிளைகளுக்கு அடியிலோ இந்நகர்வு பலிக்காது. தவறினால் திரும்ப இழுத்து மடிக்க இன்னொரு முறை போகும். சிக்கியவரின் கால் சிக்கும். கத்தி இருந்தால் ஒரு முறையில் அறுத்துக்கொள்ளலாம், நீண்ட ஈட்டி வைத்திருந்தால் உள்ளிருந்து அறுப்பது கடினம். இவற்றிலெல்லாம் சிறந்தது மணிக்கட்டுக் கயிறு. வலையில் விழுந்தவன் பலசாலியாக இருந்தால் அவனே கயலை இழுத்துவிடலாம். வீசிய நகர்வு வீசியவளையே எதிரியோடு கட்டிப்போடுகிறது.

வேலனை எழுதுபவர் இப்போது என்ன செய்கிறார் என்று பார்க்கலாம்: "வலை தோளில் விழுந்ததும் வேலன் ஈட்டியை விட்டுவிட்டான். இரு கையாலும் கயிற்றைப் பற்றி, மண்டியிட்டு, உடலின் கனம் முழுவதையும் பின்னுக்குச் சாய்த்து இழுத்தான்." சிக்கினான், ஆயுதத்தை இழந்தான், பதிலும் கொடுத்தான். இழுப்பு பலித்ததா என்பதை அவர் எழுதவில்லை. அது கயலை எழுதுபவரின் முறை. இடுப்பில் உள்ள மீன் அரியும் கத்தியால் அவள் தன் ஒரே வலையின் கயிற்றைத் தானே அறுத்துக்கொள்வாளா, அல்லது இழுபட்டுக்கொண்டு அவன்மேல் பாய்வாளா? முதல் வரைவில் இந்தக் கேள்வி எழுந்திருக்கவே முடியாது.

இரண்டாம் வரைவு நடுவரிடம் போகும்போது 'மாய' என்ற சொல் தானாகவே உதிர்ந்திருக்கும். மாயம் வேண்டாம் என்பதில்லை. நெருப்புப் பந்து வீசும் பாத்திரத்துக்கும் இதே கேள்விகள்தான்: நெருப்பு எங்கிருந்து வருகிறது, எதைத் தின்று எரிகிறது, வீசும் கை சுடுமா, மழையில் என்ன ஆகும், பக்கத்தில் நிற்கும் நண்பனுக்கு என்ன ஆகும்? பொருளின் இயல்பிலிருந்து பிறந்த எல்லையை யாரும் அநியாயம் என்று சொல்வதில்லை. எண்ணால் திணித்த எல்லையோடு தகராறு செய்வார்கள்.

பெயரும் நீளமும்

நகர்வின் பெயர் அது என்ன செய்யும் என்று சொன்னால் போதும். 'வீச்சுவலை', 'தோள்மோதல்', 'மண்வாரித் தூற்றல்' போன்ற பெயர்களை ஒருமுறை படித்தவர் மறக்கமாட்டார். வடமொழிச் சொற்கள் நான்கை ஒட்டிய 'மகா' பெயர்கள் கேட்கக் கம்பீரமானவை. மூன்று வாரம் கழித்து அது தாக்குதலா தற்காப்பா என்று தேடிப் பார்க்க வேண்டிவரும். விளக்கம் ஐந்தாறு வரிக்குள் அடங்க வேண்டும். எதிராளியும் அதைப் படித்து நினைவில் வைத்துக்கொண்டுதான் பதில் எழுதப்போகிறார். அரைப்பக்க விளக்கத்தில் ஒளிந்திருக்கும் விதிவிலக்கைச் சண்டை நடுவே எடுத்து நீட்டுவது ஒப்பந்தத்தின் பொடி எழுத்தைக் காட்டுவதற்குச் சமம். ஒரு பாத்திரத்துக்கு நான்கைந்து நகர்வுகள் தாராளம்.

நடுவரும் சம்மதமும்

பெரும்பாலான குழுக்களில் நகர்வுகளைப் படித்துப் பார்த்து ஏற்கும் நடுவர்கள் உண்டு. நடுவர் பார்க்க வேண்டியது நகர்வு வலியதா என்பதை அன்று. அதற்குக் குறைந்தது இரண்டு வேறுவேறு பதில்களைத் தம்மால் உடனே எழுத முடிகிறதா என்பதை. ஒரே ஒரு பதில்தான் உண்டு என்றால், அந்தப் பதில் கைவசம் இல்லாத பாத்திரத்துக்கு அது மரண தண்டனை. பதிலே தோன்றவில்லை என்றால் வரைவைத் திருப்பித் தர வேண்டும், காரணத்தோடு. 'அதிக பலம்' என்று இரண்டு சொல்லில் திருப்பி அனுப்பினால் எழுதியவர் எண்ணைக் குறைத்துக்கொண்டு அதே கதவடைப்போடு திரும்பி வருவார். 'தூரம் சொல்லவில்லை, சிக்கியவர் என்ன செய்யலாம் என்று சொல்லவில்லை' என்றால் அடுத்த வரைவு வேறாக இருக்கும்.

நகர்வு எவ்வளவு நன்றாக அமைந்தாலும் சில விளைவுகள் அதன் அதிகாரத்துக்கு வெளியே இருக்க வேண்டும். பாத்திரத்தின் மரணம், உறுப்பு இழப்பு, நினைவு முழுதும் அழிதல் ஆகியவை பாத்திரத்துக்கு உரியவரின் சம்மதம் இன்றி நடக்கக் கூடாது என்பதைப் பல குழுக்கள் விதியாக வைத்துள்ளன. சண்டை தொடங்கும் முன்பே, கதைக்கு வெளியே, இரு எழுத்தாளர்களும் எதுவரை போகலாம் என்று பேசிக்கொள்வதும் உண்டு. சிறுவர்களும் பெரியவர்களும் ஒரே கதையில் எழுதும் குழுக்களில், காயத்தை எவ்வளவு விவரித்து எழுதலாம் என்பதும் அந்தப் பேச்சில் வர வேண்டியது. தோற்பதற்கு முன்கூட்டியே ஒப்புக்கொண்ட ஒருவர் எழுதும் தோல்விப் பதிவு, பல நேரங்களில் அந்தச் சண்டையிலேயே நீளமானதாகவும் நிதானமானதாகவும் இருக்கும். எப்போது விழுவது, எதைச் சொல்லிக்கொண்டு விழுவது என்பதை அவர் தாமே முடிவு செய்கிறார்.